தம்பதியாக மேடையேறி ஒரு மணி நேரம் டூயட் பாட: முழுமையான வழிகாட்டி

நானும் வீட்டுக்காரரும் ஏழு வருஷமாக ஜோடிப் பாட்டு நிகழ்ச்சி செய்கிறோம். குடியிருப்புச் சங்க விழா, அறுபதாம் கல்யாணம், கிளப்பில் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு என்று எல்லாம் சின்னக் கூட்டம்தான். இரண்டு மைக், ஒரு லேப்டாப், மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற நூறு பேர். வெளிநாட்டில் இந்த மாதிரி நிகழ்ச்சிக்குக் கேபரே என்று பெயர். நம் ஊரில் அப்படி நோட்டீஸ் அடித்தால் பழைய படத்து கிளப் டான்ஸை எதிர்பார்த்து ஆள் வரும். அதனால் ‘ஜோடிப் பாட்டு’ என்றே போடுகிறோம்.

எங்களைப் பார்த்துவிட்டு ஆரம்பித்த ஏழெட்டு ஜோடிகளின் ஒத்திகையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் வேலையைத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் புடவைக்கும் சட்டைக்கும் கலர் பொருத்தம், அப்புறம் பிடித்த பாட்டு, அப்புறம் டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு). அது தன் குரலுக்கு எட்டுமா என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் வருகிறது. கீழே உள்ள வரிசையிலேயே செய்தால் ஆறு வாரம் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போனில் ஒரு தம்பூரா ஆப், ஒலிப்பதிவு செய்ய இன்னொரு போன், ஒரு நீள நோட்டு, இரண்டு நிறப் பேனா. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம்.

இவற்றோடு, டிராக்கை ஓட்ட ஓர் ஆளை முதல் வாரத்திலேயே பிடித்து வையுங்கள். தங்கை மகனோ பக்கத்து வீட்டுப் பையனோ, யாராக இருந்தாலும் சரி. அன்றைக்கு மைக்செட்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், அவர் பந்தியில் இருக்கும்போது உங்கள் மூன்றாவது பாட்டு தொடங்க வேண்டியிருக்கும்.

2. முதலில் கட்டை, பிறகுதான் பாட்டு

மேடையில் கேட்கும் பாதித் தவறுகள் இங்கே தொடங்குகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கட்டை என்றால் நீங்கள் பாடும் சுருதியின் உயரம்; கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளை 1, 2, 3 என்றும் நடுவே உள்ள கறுப்பை ½ சேர்த்தும் சொல்வார்கள். தனியாகப் பாடும்போது ஆண்களுக்கு 1 கட்டையிலிருந்து 2½ கட்டைவரை சௌகரியம். பெண்களுக்கு 4½ முதல் 6 வரை. சினிமா டூயட்டிலோ பெரும்பாலும் இருவருக்கும் ஒரே சுருதி. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார், எந்தப் பாட்டில், எவ்வளவு என்பதை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டையைப் பார்க்கும்போது புதியவர்கள் பல்லவியைப் பாடிப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். பல்லவி யாருக்கும் சரியாகத்தான் இருக்கும். பாட்டின் உச்சம் பெரும்பாலும் சரணத்தின் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. அந்த வரிகளை மட்டும் எடுத்து, தம்பூராவைப் போட்டு, மூன்று முறை தொடர்ந்து பாடுங்கள். மூன்றாவது முறையும் கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் அந்தச் சுருதி உங்களுடையது. காலையில் வேண்டாம், மாலை ஏழு மணிக்குச் சோதியுங்கள். நிகழ்ச்சி அப்போதுதானே நடக்கப் போகிறது.

அடுத்ததாகக் கீழ் எல்லை. இதை யாரும் பார்ப்பதே இல்லை. எங்கள் இரண்டாவது நிகழ்ச்சியில் அவருக்கு எட்டவில்லை என்று ஒரு பாட்டின் சுருதியை மூன்று படி (ஒரு படி என்றால் கீபோர்டில் அடுத்த கட்டை, வெள்ளையோ கறுப்போ) இறக்கினோம். அவர் சரணத்தில் ஜம்மென்று நின்றார். என் பல்லவியின் தொடக்கமோ பாதாளத்துக்குப் போய்விட்டது. முதல் வரியில் கூட்டத்துக்குக் கேட்டது என் மூச்சுக் காற்று மட்டும்தான்.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: அவருடைய உச்சி, அவருடைய அடி, உங்கள் உச்சி, உங்கள் அடி. நான்கும் அடங்கும் சுருதி ஒன்று கிடைத்தால் பாட்டு பட்டியலில் சேரும். கிடைக்காவிட்டால், எவ்வளவு பிடித்த பாட்டானாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் சமையல் செய்துகொண்டே பாடிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கீபோர்டுக்காரரிடம் ‘3½ கட்டையில் போடுங்க’ என்று கேட்காதீர்கள். 3-க்கும் 4-க்கும் நடுவே அரைக்கட்டை கிடையாது. அப்படிக் கேட்ட ஒருவரை அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே பார்த்தார்.

3. பட்டியல்

ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பாட்டு. நாலரை நிமிடம் வீதம் நாற்பத்தைந்து நிமிடம் பாட்டு, பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கைதட்டலுக்கும் தடங்கலுக்கும். பதினைந்து பாட்டு எழுதிக்கொண்டு வருபவர்கள் கடைசியில் சரணங்களை வெட்டுகிறார்கள். சரணம் வெட்டிய டூயட்டில் ஒருவர் முறை காணாமல் போகிறது, ஜோடி நொண்டுகிறது.

பத்தில் எட்டு டூயட், இரண்டு தனிப்பாட்டு. ஐந்தாவதாக ஒருவர், ஆறாவதாக மற்றவர். தொண்டைக்கு ஓய்வு, தண்ணீர், வியர்வை துடைக்க நேரம் எல்லாம் இதில் கிடைக்கும். பார்ப்பவர்களுக்கும் இருவரையும் தனித்தனியாகக் கேட்ட பிறகு ஏழாவது டூயட் புதிதாகத் தெரியும்.

கடினமான பாட்டை முதலில் வைக்காதீர்கள். முதல் பாட்டில் கை நடுங்கும், மானிட்டர் (நம் குரலை நமக்கே கேட்க வைக்கும் பெட்டி) சரியாக இருக்காது, ஆட்கள் இன்னும் நாற்காலி இழுத்துக்கொண்டிருப்பார்கள். உறக்கத்திலும் பாடக்கூடிய ஒன்றை அங்கே வையுங்கள். கடினமானதற்கு மூன்றாவது இடம் நல்லது. குரல் சூடேறியிருக்கும், களைத்திருக்காது.

‘சத்யா’ (1988) படத்தின் ‘வளையோசை’ போன்ற பாட்டை எல்லா ஜோடியும் கேட்கிறார்கள். இரட்டைக்கிளவிகள் அடுக்கடுக்காக வரும், மூச்செடுக்க இடைவெளி சிறிது. அதை ஒன்பதாவதாக வைத்தால் நாக்கு சுளுக்கும்.

பயிற்சி இல்லாத குரல்களுக்கு ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய மென்மையான டூயட்கள் நல்ல தொடக்கம். மைக்குக்கு அருகில் நின்று பேசுவதுபோலப் பாடலாம். டி.எம்.சௌந்தரராஜன் பாட்டுக்குத் தொண்டையைத் திறந்து நிற்க வேண்டும். ராஜாவும் ஜிக்கியும் வாழ்க்கையிலும் தம்பதி என்பதால் அவர்கள் சேர்ந்து பாடிய ஒன்றைச் சேர்த்தால் பேச்சுக்கும் விஷயம் கிடைக்கும்.

ஒரே வேகத்தில் மூன்று பாட்டு அடுத்தடுத்து வரவே கூடாது. காதல் பாட்டு என்றாலே மெதுவாகப் போகிற வழக்கம் உண்டு. மூன்றாவது மெலடியில் பாயசக் கிண்ணத்தின் சத்தம் உங்கள் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும்.

4. பாட்டு எந்தக் காட்சிக்கு என்று பாருங்கள்

ஒரு ஜோடி, பெற்றோரின் நாற்பதாம் திருமண நாளில் ‘வாராய் நீ வாராய்’ பாடுவதாக இருந்தார்கள். மெட்டு கேட்டால் நிலவொளியில் உலாவப் போகிற மாதிரிதான் இருக்கும். ‘மந்திரி குமாரி’ (1950) படத்தில் அது, மலையுச்சியிலிருந்து மனைவியைத் தள்ளிவிடத் திட்டம் போட்ட கணவன் அவளை அழைத்துப்போகும் பாட்டு. கடைசியில் விழுவது அவன்தான் என்பது வேறு விஷயம். அந்தப் படம் பார்த்த தலைமுறை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

‘பாசமலர்’ (1961) படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ இன்னொன்று. ஆண் குரல், பெண் குரல், இனிய மெட்டு எல்லாம் இருக்கிறது. ஆனால் அது அண்ணனும் தங்கையும் பாடும் தாலாட்டு. தம்பதியாகக் கண்ணோடு கண் பார்த்துப் பாடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். படத்தில் அந்தக் காட்சியை ஒரு முறை பார்த்துவிட ஐந்து நிமிடம் போதும்.

5. டிராக்கைத் தயார் செய்தல்

சுருதி முடிவான பிறகுதான் டிராக். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம். ஒரு படி, இரண்டு படி யாருக்கும் தெரியாது. மூன்றில் தபலா மந்தமாகும். அதற்கு மேல் இறக்கினால் பலகையில் தட்டுவதுபோலக் கேட்கும், அந்தப் பாட்டையே மாற்றுங்கள்.

நிகழ்ச்சிக்கான பத்தையும் 01, 02 என்று எண்ணிட்டு ஒரே அடைவில் போடுங்கள். பழைய சுருதியில் உள்ள பிரதிகளை அழித்துவிடுங்கள். இரண்டு பிரதி இருந்தால் அவசரத்தில் தவறானதுதான் கையில் வரும். லேப்டாப், பென் டிரைவ், போன் மூன்றிலும் ஒவ்வொரு தொகுப்பு இருக்கட்டும். போனிலிருந்து ஓட்ட நேர்ந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒரு முறை எங்கள் இடையிசையின் நடுவே கேஸ் புக்கிங் அழைப்பு ஒலித்தது. புளூடூத் வேண்டாம், சத்தம் விட்டுவிட்டு வந்தால் தாளம் போச்சு. ஒயர் போடுங்கள்.

கீபோர்டு கலைஞர் வாசிப்பதாக இருந்தால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான்) பூஜ்யத்துக்கு வந்ததா என்று கண்ணால் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய பாட்டின் இரண்டு படி ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்த பாட்டின் சரணம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

6. நோட்டில் எழுதுங்கள்

அச்செடுத்த தாளையோ போன் திரையையோ நம்பாமல் கையால் எழுதுங்கள். அவர் வரி நீலம், உங்கள் வரி சிவப்பு, சேர்ந்து பாடுவதற்கு அடிக்கோடு. ஹம்மிங்கையும் எழுத வேண்டும். ‘ம்ம்’ யாருடையது என்று தெரியாமல் இருவரும் சேர்ந்தோ, இருவருமே விட்டுவிட்டோ நின்ற ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். இடையிசை எத்தனை நொடி, எந்த வாத்தியம் முடிந்ததும் நுழைய வேண்டும் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். ‘புல்லாங்குழல் இறங்கியதும் நான்’ என்பது எண்ணிக்கையைவிட நன்றாக ஞாபகம் நிற்கும்.

சேர்ந்து பாடும் வரிகளில் சொல்லின் முடிவைக் கவனியுங்கள். ‘நெஞ்சம்’ என்பதில் ஒருவர் மகரத்தை மூடிவிட, மற்றவர் இன்னும் அகரத்தை இழுத்துக்கொண்டிருந்தால் அது உடனே காதில் உறுத்தும். எந்தத் தாளத்தில் வாயை மூடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பும் அப்படித்தான். ஒருவர் ‘மழை’ என்று பாட, அடுத்த வரியில் மற்றவர் ‘மளை’ என்றால் கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் ‘மளை’ யார் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு மனப்பாடம். நான்காவது வாரக் கடைசியில் நோட்டை மூடிவிட வேண்டும். இருவருமே தாளைப் பார்த்துக்கொண்டு காதல் பாட்டுப் பாடினால், பட்ஜெட் வாசிப்பதுபோல இருக்கும்.

7. ஒத்திகையும் சண்டையும்

நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. எங்கள் வீட்டில் முதல் மாதம் இப்படித்தான் போனது:

“என்னங்க, நான் சரணத்துக்கு வந்துட்டேன், நீங்க இன்னும் உள்ளயே வரலை.”

“நீ சீக்கிரம் நுழைஞ்சுட்ட.”

“நானா?”

இதன் பிறகு அன்று பாட்டு கிடையாது, சாப்பாடும் தாமதம். இப்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன தப்பு வந்தாலும் பாட்டை முடித்துவிட வேண்டும். போனில் பதிவு செய்து மறுநாள் கேட்க வேண்டும். கேட்கும்போது அவரவர் தப்பை மட்டும் அவரவர் சொல்ல வேண்டும். நிறுத்தாமல் பழகுவதற்குக் காரணம் இருக்கிறது. மேடையில் டிராக் உங்களுக்காக நிற்காது. தப்பிய இடத்திலிருந்து மீண்டும் ஒட்டிக்கொள்வதும் பழகினால்தான் வரும்.

உட்கார்ந்து பாடாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்தே நின்று, கையில் கரண்டியோ டார்ச் லைட்டோ பிடித்துப் பாடுங்கள். கடைசி வாரத்தில் இரண்டு முறை, பேச்சும் சேர்த்து, ஒரு மணி நேரத்தையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

8. நிற்பது, பார்ப்பது, இடையிசை

இருவருமே பழக்கத்தில் மைக்கை வலக்கையில் பிடிப்பார்கள். அப்போது ஒருவருடைய கை இருவருக்கும் நடுவில் குறுக்குக் கம்பி மாதிரி நிற்கும். வெளிப்பக்கக் கையில் பிடியுங்கள், முழங்கையை இறக்கி வையுங்கள். முகம் தெரியும், உள்பக்கக் கை சும்மா இருக்கும்.

மூன்றடி இடைவெளியில், கூட்டத்தைப் பார்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் சற்றே திரும்பி நில்லுங்கள். நேருக்கு நேர் திரும்பினால் மக்களுக்கு இரண்டு காதுகள்தான் தெரியும். ரொம்ப ஒட்டி நின்றாலும் சிக்கல், உங்கள் மைக்கில் அவர் குரலும் விழுந்து சத்தம் குழம்பும்.

முதல் பாட்டிலிருந்தே ஒருவரையொருவர் பார்த்து உருகாதீர்கள். முதல் இரண்டு பாட்டு கூட்டத்துக்கு. மூன்றாவதில் ஒரே ஒரு வரிக்குத் திரும்பிப் பாருங்கள். எந்த வரி என்று நோட்டில் குறித்திருக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு வரியில் திரும்பினால், ஒருவர் பார்ப்பதும் மற்றவர் கவனிக்காததுமாக, மேடையில் ஏதோ மனஸ்தாபம்போலத் தெரியும்.

இடையிசைதான் புதியவர்களின் எமன். முப்பது, நாற்பது நொடி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிலைபோல நிற்பார்கள், அல்லது ஆடத் தொடங்குவார்கள். முதல் இடையிசையில் கூட்டத்தைப் பார்த்து நில்லுங்கள், இரண்டாவதில் இரண்டடி நடந்து இடம் மாறுங்கள். அது போதும். ஆட வருமென்றால் பத்தில் ஒரு பாட்டில் ஆடுங்கள்.

9. பாட்டுக்கு நடுவே பேச்சு

படம், இசை, எழுதியவர், வருஷம் என்று வானொலி அறிவிப்பாளர்போல வாசிப்பதுதான் எல்லாரும் செய்வது. அதைச் சொல்லுங்கள், ஆனால் ஒரே மூச்சில். கவிஞர் பெயரை விடாதீர்கள், அதைத்தான் நிறையப் பேர் விடுகிறார்கள். மீதி நாற்பது நொடி உங்களுடையதாக இருக்கட்டும். பெண் பார்க்க வந்தபோது யார் பாடியது, எந்தப் பாட்டு எந்தப் பஸ் பயணத்தில் கேட்டது, அந்த மாதிரி.

என்ன சொல்லப் போகிறோம் என்பது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கூட்டம் சிரிக்கிறதே என்று மேடையில் புதிதாக ஒரு வீட்டு ரகசியத்தை அவிழ்த்துவிட்டால், அடுத்த டூயட்டில் உங்கள் ஜோடியின் முகத்தை எல்லாரும் படித்துவிடுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே திருத்தவும் கூடாது, “இல்லைங்க, அது தை மாசம்” என்பதுகூட.

பேச்சின் கடைசிச் சொல்லை முடிவு செய்து, டிராக் ஓட்டும் பையனின் தாளிலும் எழுதிக் கொடுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவன் அழுத்துவான். ‘தம்பி, போடுப்பா’ என்று பத்து முறை மைக்கில் சொல்லத் தேவையில்லை.

10. அனுமதி

கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் நிகழ்ச்சி, ஹோட்டல், கிளப் என்றால் ஐ.பி.ஆர்.எஸ். (பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமைகளைக் கவனிக்கும் சங்கம்) உரிமம் யார் எடுப்பது என்று ஏற்பாட்டாளரிடம் முன்பணம் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது, நாமெல்லாம் எம்மாத்திரம். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணிவரைதான் நேரம். ஆகவே எட்டரைக்கு மேல் தொடங்க ஒத்துக்கொள்ளாதீர்கள். எட்டரை என்று சொன்னால் ஒன்பதுக்குத்தான் தொடங்குவார்கள்.

11. அன்று மாலை

இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மைக்செட்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ‘அண்ணே’ போட்டுப் பேசுங்கள். இன்று உங்கள் குரல் அவர் விரல் நுனியில் இருக்கிறது.

சோதனைக்கும் வரிசை உண்டு. முதலில் உங்கள் மைக் மட்டும், பிறகு உங்கள் ஜோடியின் மைக் மட்டும், பிறகு இரண்டும், கடைசியில் டிராக்கோடு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் எது அலறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பாடிப் பார்ப்பது அந்தச் சரண உச்சி வரிகளாக இருக்கட்டும். ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லி வைத்த அளவு உச்சத்தில் காதைக் கிழிக்கும்.

எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். நம் மைக்செட்களில் எக்கோ தாராளம். தனிப்பாட்டில் அது குறையை மறைக்கும். டூயட்டில் உங்கள் வரியின் வால் அவர் வரியின் தலையில் விழும். மானிட்டர் பெட்டி மைக்கின் பின்புறத்தைப் பார்த்தபடி உங்கள் காலடியில் இருக்க வேண்டும். மைக்கின் கூண்டைக் கையால் பொத்திப் பிடித்தால் விசில் அடிக்கும். சினிமாவில் அப்படிப் பிடிப்பது அழகாக இருக்கலாம், அங்கே மைக் ஓடவில்லை.

கார்ட்லெஸ் என்றால் புது பேட்டரி நீங்களே கொண்டுபோங்கள். ‘போன வாரம்தான் போட்டது’ என்ற பேட்டரி ஏழாவது பாட்டில் போகும். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள், வெந்நீர் பிளாஸ்க் மேடையோரம் இருக்கட்டும். கலர் பொருத்தத்தை இப்போது யோசிக்கலாம்.

12. நடுவில் ஏதாவது ஆனால்

வரி மறந்தால் சும்மா நிற்காமல் மெட்டை ஹம்மிங்கில் கொண்டுபோங்கள், மற்றவர் அந்த வரியை எடுத்துக்கொள்வார். இதற்காகவே இருவரும் பத்துப் பாட்டையும் முழுதாக, மற்றவர் பங்கோடு, தெரிந்து வைத்திருக்க வேண்டும். மறந்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம், முறைக்கக் கூடாது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை அரை நிமிடம் இருட்டு. அதற்கென்று ஒரு பல்லவியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மைக்கும் டிராக்கும் இல்லாமல், கைத்தாளத்தோடு, இருவருக்கும் நடுக்குரலில் அமையும் ஒன்று. நாங்கள் அதை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறோம். இரண்டு முறையும் அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான் விழுந்தது. வீட்டுக்காரர் இப்போது வேண்டுமென்றே மெயினை அணைக்கச் சொல்கிறார், நான் விடுவதில்லை.

‘ஒன்ஸ் மோர்’ வந்தால் பாடியதைத் திரும்பப் பாடாதீர்கள். பதினோராவதாக ஒன்றை 11 என்று எண்ணிட்டு வைத்திருங்கள். கேட்காவிட்டால் அது அடுத்த நிகழ்ச்சிக்கு.

வீடு திரும்பும் வண்டியில் தப்புகளைப் பேச வேண்டாம், பதிவை இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். மேடையை விட்டு இறங்கும்போது பென் டிரைவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையது இதுவரை மூன்று மைக்செட்காரர்களிடம் இருக்கிறது.